பிரேக் பிடிக்காத லாரியும் பிடிபடும் டிரைவரும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ ஆவடி வழியாகப் போகும் சி.டி.எச். சாலையிலோ ஒரு லாரி சிக்னலில் நின்றவர்கள் மீது ஏறிவிட்டால், மறுநாள் நாளிதழில் வரும் செய்தி ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். பிரேக் பிடிக்காமல் லாரி தறிகெட்டு ஓடியது என்று தொடங்கும். டிரைவரைக் கைது செய்து போலீசார் விசாரித்து வருகின்றனர் என்று முடியும். அந்த லாரி யாருடையது, அதன் பிரேக்கைக் கடைசியாக யார் கழற்றிப் பார்த்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் டீக்கடையில் சொல்லும் தீர்ப்பும் ஒன்றுதான்: "பிரேக் இருக்கா இல்லையான்னு பாக்காம வண்டிய எடுப்பானா? பத்து வருஷம் உள்ள போட்டாத்தான் புத்தி வரும்."

இந்தக் கருத்து டீக்கடையோடு நிற்பதில்லை. காவல் நிலையத்திலும் தொலைக்காட்சி விவாதத்திலும் லாரி உரிமையாளர்களின் பேச்சிலும் இதுதான் ஓடுகிறது. இருக்கையில் உட்கார்ந்திருப்பவன் டிரைவர், பிரேக்கை மிதிப்பவனும் அவனே, ஆகவே வண்டியின் நிலை அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே ஓட்டினால் அது கொலைக்குச் சமம், தெரியாமல் ஓட்டினால் அலட்சியம், எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி அவன்தான். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இது தவறான வாதம். தவறானது மட்டுமல்ல, அடுத்த சாவுக்கும் வழிவிடும் வாதம்.

யாருக்காக நான் பேசவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு ஓட்டியவன், செல்போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவன், டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டவன், இவர்களை எந்த நீதிமன்றம் தண்டித்தாலும் எனக்கு மறுப்பு இல்லை. சாலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் நின்று டிரைவருக்கு வக்காலத்து வாங்கும் துணிச்சலும் எனக்குக் கிடையாது. அந்தத் தாய்க்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தைப் பாதியில் முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பிரேக்கைப் பற்றி அம்பத்தூர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாட்டில் ஓடும் லாரிகளுக்கான பிரேக் உறுப்புகளில் கணிசமானவை இந்த வட்டாரத்தில் உருவானவைதான். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ராணே பிரேக் லைனிங், 1960களில் சுந்தரம் கிளேட்டனில் தொடங்கி வாப்கோவாகி இன்று இசட்.எஃப். என்ற பெயரில் இயங்கும் ஏர் பிரேக் ஆலை என்று பட்டியல் நீளும். இந்த ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் ஏராளம். அவர்களிடம் கேட்டால் ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வார்கள். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி டேங்கில் நிரப்புகிறது. டிரைவர் மிதித்ததும் வால்வு திறந்து, அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்திடமும் இருக்கும் பிரேக் சேம்பருக்குப் போகிறது. அங்கே காற்று ரப்பர் டயாபிரத்தைத் தள்ளுகிறது, டயாபிரம் தண்டைத் தள்ளுகிறது, தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்புகிறது, கேம் சுழன்று லைனரை டிரம்மோடு அழுத்துகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் அந்தச் சக்கரத்தில் பிரேக் இல்லை.

இதில் டிரைவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது எவ்வளவு? காலையில் ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் காற்று ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஏர் குறைந்தால் பஸர் அடிக்கிறதா என்று கேட்கலாம். எங்காவது உஸ் என்று காற்று ஒழுகுகிறதா என்று வண்டியைச் சுற்றி வரலாம். டேங்கில் சேர்ந்த தண்ணீரை வடிக்கலாம். யார்டை விட்டு வெளியேறும் முன் ஒருமுறை மிதித்துப் பார்க்கலாம். இவ்வளவும் அவன் கடமை. செய்யாவிட்டால் குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிரம்முக்குள் லைனர் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது, டிரம்மில் வெடிப்பு உண்டா, சேம்பருக்குள் டயாபிரம் கிழியும் நிலையில் இருக்கிறதா, கடையில் வாங்கிப் போட்ட லைனர் அசலா போலியா என்பதெல்லாம் சக்கரத்தைக் கழற்றாமல் தெரியாது. கழற்றுவதற்குப் பட்டறை வேண்டும், மெக்கானிக் வேண்டும், வண்டி நிற்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பணம் கொடுப்பவர் டிரைவர் அல்ல.

இன்னொரு உண்மையும் உண்டு, இதைத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே உணர்ந்திருப்பார்கள். காலி வண்டியை நன்றாக நிறுத்தும் பிரேக், லோடு ஏறியதும் நிறுத்தாமல் போகலாம். பிரேக் செய்யும் வேலையெல்லாம் ஓட்டத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றுவதுதான். வேகம் இரண்டு மடங்கானால் அந்த ஆற்றல் நான்கு மடங்கு. எடை கூடினால் அதற்கேற்பக் கூடும். தேய்ந்த லைனரும் செட் செய்யாத அட்ஜஸ்டரும் காலையில் யார்டில் மிதித்தபோது சமாளித்துவிடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரோடு, அதாவது பன்னிரண்டு டன் சுமையோடு, மேம்பாலத்தில் இறங்கி மூன்றாவது சிக்னலில் நான்காவது முறை மிதிக்கும்போது டிரம் சூடேறிக் கைவிடும். டிரைவர் காலைச் சோதனையை ஒழுங்காகச் செய்திருந்தாலும் இது நடக்கும்.

"அப்படின்னா சந்தேகம் வந்ததும் வண்டிய எடுக்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?" இது எதிர்வாதத்தின் வலுவான இடம். இதற்குப் பதில் சொல்லாமல் கடக்க முடியாது.

வானகரம், நசரத்பேட்டை, மாதவரம் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடங்களில் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். பெரும்பாலான டிரைவர்களுக்கு மாதச் சம்பளத்தைவிட டிரிப் பேட்டாதான் வருமானம். டிரிப் போகாத நாளில் பேட்டா இல்லை. "முதலாளி, பிரேக் டவுன் ஆவுது" என்று சொன்னால், "இந்த லோட மட்டும் இறக்கிட்டு வந்துருப்பா, பாத்துக்கலாம்" என்பதுதான் வழக்கமான பதில். அதற்கு மேல் பிடிவாதம் பிடித்தால் சாவியை வாங்கி அடுத்தவனிடம் கொடுப்பார்கள். அந்த அடுத்தவனுக்கு வண்டியின் பழைய கதை எதுவும் தெரியாது. முந்தைய டிரைவர் வாயால் சொன்ன குறை எந்தத் தாளிலும் இல்லை. பல வண்டிகளில் இன்று ஒருவர், நாளை ஒருவர். அமெரிக்காவில் டிரைவர் வண்டியில் கண்ட குறையை எழுதிக் கொடுக்க வேண்டும், பாதுகாப்பைப் பாதிக்கும் குறை என்றால் நிறுவனம் அதைச் சரிசெய்து கையெழுத்துப் போட்ட பிறகே வண்டி எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம்மிடம் அந்த ஒரு தாள் நடைமுறையில் இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில், விபத்துக்குப் பிறகு "நான் அப்போதே சொன்னேன்" என்ற டிரைவரின் சொல்லை யார் நம்புவார்கள்? மறுத்துப் பேசும் உரிமை தரப்படாத ஒருவனுக்கு, மறுக்காததற்காகத் தண்டனை கொடுக்கிறோம்.

சட்டம் டிரைவரை மட்டும்தான் கைகாட்டுகிறது என்று நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். பொது இடத்தில் ஆபத்தை உண்டாக்கும் பழுதோடு வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி என்று அது சொல்கிறது. பழுது தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியவந்திருக்கும் என்றாலே போதும். உரிமையாளரைப் பிடிப்பதற்கு இதைவிடத் தெளிவான வார்த்தை தேவையில்லை. ஆனால் தண்டனையைப் பாருங்கள். சாதாரணமாக 1,500 ரூபாய் அபராதம். அந்தப் பழுதால் விபத்து நேர்ந்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஒரு லாரிக்கு எல்லாச் சக்கரத்திலும் லைனர் மாற்ற ஆகும் செலவுக்குப் பக்கத்தில் அந்த 1,500 ரூபாயை வைத்துப் பார்த்தால், எது லாபம் என்று கணக்குப் போட எந்த உரிமையாளருக்கும் நேரம் ஆகாது.

டிரைவருக்கோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டாண்டு வரை இருந்த தண்டனை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்தாண்டு வரை உயர்ந்துவிட்டது. விபத்து நடத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு என்ற 106(2) பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் அந்தப் பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தவனுக்கான தண்டனையை ஏற்றிக்கொண்டே போகும் அரசு, வண்டியை அனுப்பியவருக்கான 190ஐ ஏன் அந்த அளவுக்கு ஏற்றவில்லை? 2019 திருத்தத்தில் அபராதத்தை உயர்த்தியதே அதற்குப் பெரிய சாதனை.

உரிமையாளர் மீது கிரிமினல் வழக்குப் போடக் காவல்துறை தயங்குவதற்கு ஒரு சட்டக் காரணமும் சொல்லப்படுகிறது. குர்பான் ஹுசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அலட்சியத்தால் மரணம் என்ற குற்றத்துக்கு அந்த அலட்சியம் மரணத்தின் நேரடிக் காரணமாக இருக்க வேண்டும் என்றது. ஆலையில் தீப்பிடித்து ஊழியர்கள் இறந்த வழக்கு அது. உரிமையாளரின் பங்கு தொலைவில் இருக்கிறது என்று கருதப்பட்டது. இடையில் வேறொருவரின் செயல் புகுந்தால் முதலாளிவரை சங்கிலி நீளாது என்பது வாதம். பிரேக் விஷயத்தில் இது பொருந்தாது என்பேன். லைனர் இல்லாத வண்டியைச் சாலைக்கு அனுப்புவது தொலைதூரக் காரணமே இல்லை. டிரைவர் சரியான நேரத்தில் சரியாக மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்றால், அந்த மரணத்துக்கு மிக அருகில் இருக்கும் காரணம் அந்தத் தேய்ந்த லைனர்தான். டிரைவரின் செயலில் குறையே இல்லாதபோது இடையில் புகுந்தது யார்?

முதலாளியைக் குற்றவாளியாகக் கருதத் தெரியாத சட்டமும் அல்ல இது. பதினெட்டு வயது நிரம்பாத சிறுவன் வண்டி ஓட்டி குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். எடை விதியை மீறிய லாரியை உரிமையாளர் அல்லாத டிரைவர் ஓட்டினால், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என 113ஆவது பிரிவு சொல்கிறது. சிறுவனுக்கும் எடைக்கும் எழுதிய அதே வரியைப் பிரேக்குக்கும் எழுத நாடாளுமன்றத்துக்கு என்ன தடை?

"எல்லா டிரைவரும் பிரேக் ஃபெயிலியர்னுதான் சொல்றான்" என்பது அடுத்த வாதம். உண்மைதான், பலர் பொய் சொல்கிறார்கள். 2022 நவம்பரில் புனேயின் நவலே பாலத்தில் ஒரு லாரி இறக்கத்தில் பாய்ந்து பல வாகனங்களைச் சேதப்படுத்தியபோது முதலில் எழுந்த பேச்சு பிரேக் பிடிக்கவில்லை என்பதுதான். பிறகு நடந்த சோதனையில் பிரேக்கில் பழுது இல்லை, இறக்கத்தில் என்ஜினை அணைத்து உருளவிட்டிருக்கிறார் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த டிரைவரைத் தண்டிக்க வேண்டும். ஆனால் அந்தப் பேச்சு பொய் என்று எப்படித் தெரிந்தது? சோதித்ததால் தெரிந்தது. பொய்யைப் பிடிக்கவும் உண்மையைக் காப்பாற்றவும் ஒரே வழி வண்டியைத் திறந்து பார்ப்பதுதான்.

நம் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரை மக்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் அழைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆவது பிரிவு, விபத்தில் சிக்கிய வண்டியைச் சோதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அந்தச் சோதனையின் முடிவாக வழக்குக் கோப்பில் சேர்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம், விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல என்பது. டிரம்மைக் கழற்றினார்களா, லைனரை அளந்தார்களா, காற்றழுத்தம் எவ்வளவு இருந்தது, ஒவ்வொரு சக்கரத்திலும் அட்ஜஸ்டர் தண்டு எவ்வளவு நகர்ந்தது என்பதற்கெல்லாம் எண்கள் வேண்டும். புகைப்படம் வேண்டும். கழற்றிய லைனரைச் சாட்சிப் பொருளாக வைக்க வேண்டும். ஒரு மனிதனை ஐந்தாண்டு சிறைக்கு அனுப்பப்போகும் ஆவணத்துக்கு இது அதிகம் இல்லை.

அந்த வண்டிக்கு எப்.சி. எனப்படும் தகுதிச் சான்றைக் கொடுத்தது யார் என்ற கேள்வியும் கோப்பில் வருவதில்லை. எட்டு ஆண்டு வரையான சரக்கு வாகனம் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதற்கு மேற்பட்டது ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். பூந்தமல்லியானாலும் அம்பத்தூரானாலும் எப்.சி.க்குப் போகும் வண்டி புது பெயிண்டோடு, காலியாகத்தான் போகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் உருளைமேல் ஏற்றி அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்கள் வழியாகத்தான் கனரக வாகனங்களுக்குச் சான்று தர வேண்டும் என்று மத்திய அரசு முதலில் 2023 ஏப்ரல் 1ஐக் கெடுவாகச் சொன்னது. பிறகு 2024 அக்டோபர் 1 என்று தள்ளிவைத்தது. கைதாகும் டிரைவருக்குத் தள்ளிவைப்பு எதுவும் கிடைப்பதில்லை.

இழப்பீட்டைக் கொடுப்பது உரிமையாளர்தானே, அவருக்கும் தண்டனைதானே என்கிறார்கள். கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. சிவில் வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகத் தெளிவாகவே இருக்கின்றன. 1977இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்ப முயலும் உரிமையாளர், தான் எல்லா நியாயமான கவனமும் எடுத்தும் அந்தப் பழுது ஒளிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. 2001இல் கௌஷ்ணுமா பேகம் வழக்கில், டயர் வெடித்து நேர்ந்த மரணத்துக்கு யாருடைய அலட்சியமும் நிரூபணமாகாவிட்டாலும் உரிமையாளர் பொறுப்பு உண்டு என்றது. ஆக, பணம் கொடுக்கும் வழக்கில் பிரேக் உரிமையாளருடையது. சிறைக்குப் போகும் வழக்கில் அதே பிரேக் டிரைவருடையதாகிவிடுகிறது. வாடகை வீட்டின் கூரை இடிந்து பக்கத்து வீட்டுக்காரர் செத்தால், குடியிருந்தவரைக் கைது செய்வதற்கு இது சமம். வண்டியோ சில நாளில் நீதிமன்றத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்து வெளியே வந்துவிடும், வேறொரு டிரைவரோடு அதே சாலையில் ஓடும். உள்ளே போனவரின் உரிமம்தான் முடங்கிக் கிடக்கும்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2015 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில், செங்குத்தான சாலையில் இறங்கிய ஒரு டிப்பர் லாரி பிரேக் இழந்து நான்கு பேரைக் கொன்றது. இறந்தவர்களில் ஒருவர் நான்கு வயதுச் சிறுமி. லாரியை ஓட்டியவருக்கு வயது 19, உரிமம் பெற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. அந்த ஊரிலும் மக்களின் கோபம் அடங்காமல்தான் இருந்தது. ஆனால் விசாரணை ஸ்டீயரிங்கோடு நிற்கவில்லை. பிரேக்குகளைப் பிரித்தார்கள், பராமரிப்புப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். டிரைவரை நடுவர் குழு விடுவித்தது. லாரி நிறுவனத்தின் உரிமையாளரும் அதன் மெக்கானிக்கும் நான்கு மரணங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். உரிமையாளருக்கு ஏழரை ஆண்டு, மெக்கானிக்குக்கு ஐந்தேகால் ஆண்டு. அந்தச் சிறுமியின் குடும்பத்துக்கு எதுவும் ஈடாகாது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இங்கிலாந்தில் லாரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் பராமரிப்புப் பதிவேட்டை ஒருமுறையாவது எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

எதிர்த் திசையில் போன ஊரும் உண்டு. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலராடோ மலைச் சாலையில் பிரேக் இழந்த லாரி நான்கு பேரைக் கொன்றது. ஓட்டிய இளைஞர் தப்பும் சரிவுப்பாதையைத் தவறவிட்டது உண்மை. அவருக்குக் கிடைத்த தண்டனை 110 ஆண்டு. சட்டம் வேறு வழி விடவில்லை என்று நீதிபதியே சொன்னார். இலட்சக்கணக்கானவர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்ட பிறகு ஆளுநர் அதைப் பத்தாண்டாகக் குறைத்தார். நூற்றுப் பத்து ஆண்டு என்ற எண் ஒரு பிரேக் லைனரையும் தடிமனாக்கவில்லை.

புள்ளிவிவரத்தைக் காட்டி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. மரணங்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தால் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த அட்டவணையின் தலைப்பு, மீறப்பட்ட போக்குவரத்து விதி. அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசை, சிக்னல் மீறல், செல்போன், பிற, இவ்வளவுதான் அதில் உள்ள வரிசைகள். எல்லாமே டிரைவரின் தவறுகள். நிற்காத வண்டி எதுவும் வேகமாகப் போன வண்டியாகவே தெரியும், முதல் தகவல் அறிக்கையிலும் அப்படியே பதிவாகும். சென்னை ஐஐடி உருவாக்கித் தந்த ஐராட் என்ற விபத்துத் தரவுத்தளத்தில் வண்டியின் நிலையைப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. அதை உண்மையாக நிரப்பினாலே பாதிக் கதை வெளியே வரும்.

சிறு உரிமையாளர்கள் பாவம் என்ற குரலையும் கேட்கிறேன். ஒரே லாரியைக் கடனில் வாங்கி, தவணை கட்டவே திணறுபவர்கள் இந்தப் புறநகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தானே ஓட்டும் உரிமையாளருக்கு இரண்டு பொறுப்பும் அவருடையதே. அவர்மீது இரக்கம் காட்டுவதற்கு வழி, வாடகையை அமுக்கிப் பிழியும் பெரிய சரக்கு நிறுவனங்களையும் நேரக்கெடு வைத்து விரட்டும் ஆலைகளையும் விசாரணைக்குள் இழுப்பதுதான். பிரேக் இல்லாத வண்டியைச் சாலையில் விடச் சலுகை கொடுப்பது இரக்கம் ஆகாது.

விபத்துகள் ஓயாத தொப்பூர் கணவாய்ச் சாலையைப் பாருங்கள். 2020 டிசம்பரில் ஒரு லாரி ஒரு டசனுக்கும் மேற்பட்ட வாகனங்களை மோதி நான்கு பேரைக் கொன்றது. 2024 ஜனவரியில் மீண்டும் நான்கு உயிர். ஒவ்வொரு முறையும் டிரைவரைக் கைது செய்தும் விபத்து நிற்காததால்தான் கடைசியில் சாலையையே மாற்றிக் கட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அங்கே மாற வேண்டியது சாலை என்றால் இங்கே மாற வேண்டியது பராமரிப்பு.

ஆவடி காவல் ஆணையரகமும் போக்குவரத்துத் துறையும் நாளையே தொடங்கக் கூடிய வேலை இது, புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. உயிர் போன ஒவ்வொரு கனரக வாகன விபத்திலும் வண்டியை விடுவிக்கும் முன் எல்லாச் சக்கரத்தையும் கழற்றி அளக்க வேண்டும். உரிமையாளரின் பட்டறைச் சீட்டுகளையும் டிரிப் ஷீட்டையும் கைப்பற்ற வேண்டும். பழுது தெரிந்தால் 190ஆவது பிரிவில் 'ஓட்டச் செய்தவர்' என்ற இடத்தில் உரிமையாளரின் பெயரையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்க வேண்டும். எப்.சி. தந்தவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். தொழிற்சங்கங்கள் தங்கள் பங்குக்கு, குறையை எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டுப் புத்தகத்தை ஒவ்வொரு கேபினிலும் வைக்கப் போராடட்டும்.

படிக்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது டிரைவர் கைதானார் என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த வண்டியின் பிரேக்கைக் கடைசியாகக் கழற்றிப் பார்த்தது யார், எந்தத் தேதியில் என்று உங்கள் காவல் நிலையத்தைக் கேளுங்கள், உங்கள் நாளிதழுக்கு எழுதிக் கேளுங்கள்.